முக்கால் விரல் தூரத்தில் புகை

ஜூன் 1, ஞாயிறு

மாலைப் பூசையில் இருந்தவர்கள்: நான், இவர், மகள் நிரூபா. மொத்தம் மூன்று பேர். பக்கத்து வீட்டு லீலா அக்கா வருவதாகச் சொல்லி வரவில்லை. ஆகவே சேர்க்கவில்லை.

இன்று நேர்த்தி தொடங்கினேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். தினமும் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிப் பதிகம் படித்து, சிரட்டைக் கரித் தணலில் சாம்பிராணி போட்டு, எல்லா அறைக்கும் காட்டுவது. ஜூலை 18 அன்று நிறைவு. எல்லாம் இவருடைய நெஞ்சுக்காக.

வெள்ளிக்கிழமை டொக்டர் சொன்னதை நிரூபா காரில் வரும்போது தமிழில் சொன்னாள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறதாம். இறுகியது திரும்ப இளகாதாம். இந்தக் கோடையைப் பத்திரமாகக் கடந்துவிட்டால் செப்டெம்பரில் புது மருந்து தொடங்கலாம். அதுவரை தூசும் புகையும் அண்டக் கூடாது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் எண் 90க்குக் கீழே போகக் கூடாது.

வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, விறகு எரிப்பீர்களா என்று தாதி கேட்டாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது, அடுப்பு மின்சாரம் என்று நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். நல்லது என்று எழுதிக்கொண்டாள்.

சாம்பிராணி காட்டும்போது கூரையில் இருக்கிற புகை அபாயமணி கத்தத் தொடங்கிவிட்டது. நிரூபா துவாயால் வீசி நிறுத்தினாள். இவர் கதிரையில் இருந்தபடி, "இஞ்ச பாரும் மலர், பிள்ளையார் வாறதுக்கு முதல் தீயணைப்புக்காரர் வரப்போறாங்கள்" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

விரல் எண் 94. இருமல்: காலை 2, மாலை 4.

ஜூன் 2, திங்கள்

குளிக்கும்போது தலைமயிர் நனையாமல் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியை அபாயமணிக்கு மாட்டினேன். அளவு சரியாக இருந்தது. பூசை அமைதியாக நடந்தது. யன்னல்கள் எல்லாம் திறந்து நல்ல காற்று.

94. காலை 2, மாலை 3.

ஜூன் 4, புதன்

மேற்கே மனிற்றோபா மாகாணத்தின் வடக்கில் காடு எரிகிறது. ஊர் ஊராகச் சனத்தை எழுப்பி விமானத்தில் ஏற்றுகிறார்கள். தொலைக்காட்சியில் ஒரு பெண் பூனையைத் துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். வீட்டுச் சாவி கழுத்தில் தொங்கியது. நானும் ஒருகாலம் அப்படி ஒரு சாவியை மாட்டிக்கொண்டு நடந்தவள்தான். அவர்களுக்காகவும் ஒரு பதிகம் படித்தேன்.

இவர் சொன்னார்: "நாங்கள் புகையைக் கண்டு ஓடி வந்த சனம். இப்ப புகை எங்களைத் தேடி வருதாக்கும்."

நிரூபா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். வானத்தில் நிற்கிற செய்மதி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைப் படம் எடுத்து அனுப்புகிறது. கனடா முழுவதும் ஒரே தாளில் விரித்ததுபோலத் தெரிகிறது. எரிகிற இடங்களில் சிவப்புப் புள்ளி. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை கிழக்கே இழுபடுகிறது.

ஜூன் 5, வியாழன்

கேக் சுடும்போது தட்டில் விரிக்கிற மெல்லிய எண்ணெய்த் தாளைக் கணினித் திரையில் ஒட்டி, ஏரிகளையும் எங்கள் ஊரையும் பென்சிலால் கீறிக்கொண்டேன். காலை பத்து மணிக்குப் புகையின் ஓரம் எங்கே நிற்கிறது என்று தினமும் அந்தத் தாளில் கோடு போடுவது. நேற்றைய படத்தையும் திரும்ப எடுத்து ஒரு கோடு போட்டேன். அதற்கும் இன்றையதுக்கும் இடையில் நான்கு விரல். அப்படியென்றால் நான்கு விரல் ஒரு நாள். காடு எரிகிற இடத்திலிருந்து ரொறன்ரோ எட்டு விரல், அதில் பாதி வந்தாயிற்று. புகை நாளைக் காலை இங்கே நிற்கும்.

இவரிடம் காட்டினேன். "எட்டாம் வகுப்போடு நிண்ட மனுசியா இது?" என்றார். சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

94. காலை 2, மாலை 4.

ஜூன் 6, வெள்ளி

வந்தேவிட்டது. நான் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி. சூரியன் சிவப்பு நாணயம்போல இருந்தது, கண்ணை மூடாமலே பார்க்கலாம். குளிர்காலத்துக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த பிளாஸ்ரிக் தாளை எல்லா யன்னலுக்கும் ஒட்டினேன். கதவின் கீழே துணி செருகினேன். ஒரு கீற்றுப் புகையையும் உள்ளே விடுவதில்லை.

பூசை குறைவில்லாமல் நடந்தது. ஆறாம் நாள்.

92. காலை 5, மாலை 14.

ஜூன் 9, திங்கள்

மழை. வானம் தெளிந்துவிட்டது. படத்திலும் எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மனிற்றோபாவுக்கும் மேற்கே, சஸ்கற்சுவானில் புதிதாக ஏழு சிவப்புப் புள்ளிகள். எட்டு விரலுக்கும் அப்பால்தான், என்றாலும் யன்னல் பிளாஸ்ரிக்கை எடுக்கவில்லை. எடுத்து எடுத்து ஒட்டினால் பசை நிற்காது.

93. காலை 2, மாலை 11.

ஜூன் 12, வியாழன்

பூசைக்கு மணி அடித்தேன், இவரைக் காணவில்லை. பார்த்தால் வாசலில் நிற்கிற காருக்குள் இருக்கிறார். கண்ணாடியை இறக்கிவிட்டு வானொலி கேட்கிறாராம்.

"வீட்டுக்குள்ள வானொலி இல்லையோ?"

"இதுக்குள்ள சத்தம் நல்லா இருக்கு."

"கண்ணாடியை ஏன் இறக்கினனீங்கள்? புகை வந்தால்?"

"உம்முடைய படத்தில எத்தினை விரல் தூரத்தில நிக்குது எண்டு பாத்துச் சொல்லும், ஏத்துறன்."

பதினொரு விரல் இருந்தது. அவரை அங்கேயே விட்டு உள்ளே வந்தேன். அவருக்காகச் செய்கிற பூசைக்கு அவரே இல்லாமல் காரில் போய் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கடவுளிடம் அவருக்காக மன்னிப்புக் கேட்டேன்.

93. காலை 2, மாலை 5.

ஜூன் 15, ஞாயிறு

நிரூபா காற்றைத் துப்புரவாக்குகிற இயந்திரம் ஒன்று வாங்கி வந்தாள். நல்ல காற்று என்றால் நீல வெளிச்சம், கெட்ட காற்று என்றால் சிவப்பு. பகல் முழுக்க நீலம். அவள் ஐந்து மணிக்குப் போனாள். ஆறே காலுக்குச் சிவப்பு.

செய்மதிப் படத்தில் ஒன்றும் இல்லையே. மாலையில் சூடு தணியும்போது மேலே நிற்கிற புகை கீழே இறங்கும் போலிருக்கிறது. படத்துக்குப் பிடிபடாத மெல்லிய புகை. அதையும் கவனிக்க வேண்டும்.

இயந்திரத்தின் காற்று பட்டு இரண்டு தரம் கற்பூரம் அணைந்தது. பூசை நேரத்தில் அதை நிறுத்தி வைப்பதுதான் வழி.

92. காலை 2, மாலை 13.

ஜூன் 19, வியாழன்

முருங்கைக்காய் நன்றாக இருந்தது. இவர் சாப்பிட்டது அரைக் கோப்பைச் சோறு. படத்தில் தெளிவு. மாலை 14.

ஜூன் 21, சனி

சுப்பீரியர் ஏரிக்கு மேலே வெள்ளையாக ஒன்று நின்றது. மேகமா புகையா என்று விளங்கவில்லை. படம் போடுகிற பக்கத்தின் அடியில் ஒரு முகவரி இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் வந்துவிட்டது! ஹெலன் என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். மேகத்துக்கு ஓரம் தடிப்பாக இருக்கும், புகை ஓரமில்லாமல் கரைந்து போகும். காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது புகை நன்றாகத் தெரியும். இன்னொன்றும் எழுதியிருந்தாள்: செய்மதி மேலிருந்து பார்க்கிறது. புகை மிக உயரத்தில் போகிறதா, நாம் மூச்சு விடுகிற இடத்தில் நிற்கிறதா என்று படம் சொல்லாது. அதை நிலத்தில் வைத்திருக்கிற கருவிகளைக் கொண்டுதான் சொல்லலாம். உங்கள் கணவர் சுகமாக இருக்கட்டும் என்று முடித்திருந்தாள்.

முன்பின் தெரியாத ஒருத்தி. அவளுடைய பெயரையும் சொல்லி விளக்கேற்றினேன்.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். மூச்சு விடுகிற இடம் என்ற வரியில் என்னை நிறுத்தி, "அதைத் திரும்ப வாசியும்" என்றார். வாசித்தேன். ஒட்டியிருந்த யன்னலைப் பார்த்தார். பிறகு, "நல்ல பிள்ளை, வடிவா எழுதியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 28, சனி

இந்தக் கிழமை மூன்று நாள் காரில் போய் இருந்தார். மாலை 5, 4, 5. மறித்து வைத்த நாட்கள் 15, 13, 16. எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. காரில் இருக்கும்போது நான் பக்கத்தில் இல்லை, எண்ணியது குறைந்திருக்கும்.

ஜூலை 3, வியாழன்

91. காலை 3, மாலை 19.

படத்தில் எங்கள் பக்கம் நான்கு நாளாகப் புகை இல்லை. கண்ணுக்குத் தெரியாததுதான் இவரை வருத்துகிறது. இன்றிலிருந்து சாம்பிராணியை இரண்டு கரண்டி ஆக்கினேன். நேர்த்தியை அரைகுறையாகச் செய்தேன் என்று இருக்கக் கூடாது.

ஜூலை 8, செவ்வாய்

நிரூபா வேலை முடிந்து நேரே வந்தாள். நான் தணலோடு அறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இயந்திரம் நிறுத்தியிருந்ததைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கதிரையில் ஏறித் தொப்பியைக் கழற்றினாள். மணி கத்தியது.

"அம்மா, இது என்னம்மா?"

"பூசை நேரம் கத்தும் எண்டு போட்டது."

"யன்னல் எல்லாம் ஒட்டிப்போட்டு உள்ளுக்க புகை போடுறியளே! டொக்டர் என்ன சொன்னவர்?"

"இது சாம்பிராணி பிள்ளை. காட்டுப் புகை இல்லை. உன்னை வயித்தில சுமந்த காலத்திலயும் காட்டினனான், நீ என்ன செத்தா போனாய்?"

"அம்மா, புகை புகைதான்."

தட்டத்தைக் கீழே வைத்தேன். அப்பாவுக்காகத் தானே, கால் வலியோடு தானே, முப்பத்தெட்டு நாளாகத் தானே என்று என்னென்னவோ சொன்னேன். அழுதேன் என்றும் எழுத வேண்டும். இவர் அறைக்குள்ளிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நிரூ, விடு பிள்ளை. இன்னும் பத்து நாள்தானே."

நாளைச் சரியாகச் சொன்னார். என் நேர்த்தியில் அவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்திருந்தேன்.

நிரூபா ஒன்றும் சாப்பிடாமல் போய்விட்டாள். தொப்பியைத் திரும்ப மாட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி

காலை பத்து மணி: சுப்பீரியர் ஏரிக்கு மேலே இந்தக் கோடையில் பார்த்ததிலேயே தடித்த புகை. ஓரமில்லாமல் கரைகிறது, மேகம் இல்லை. பகல் இரண்டு மணி: ஹியூரன் ஏரி. எங்களுக்கு முக்கால் விரல். ஆறரைக்கு வாசலில் நிற்கும்.

ஐந்தரைக்கு இவர் கார்ச் சாவியைத் தேடினார். சாவி என் இடுப்பில்.

"மலர், சாவியைத் தாரும்."

"இண்டைக்கு மட்டும் வேண்டாம். முக்கால் விரல்தான் இருக்கு. வந்து பாருங்கோ."

படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கண்ணாடியை ஏத்திக்கொண்டு இருக்கிறன்" என்றார்.

"வேண்டாமெண்டால் வேண்டாம். இண்டைக்கு வெள்ளிக்கிழமை. எனக்குப் பக்கத்தில இருங்கோ, ஒருநாள் எண்டாலும்."

"சரி," என்றார். "நீர் சொன்னால் சரி."

கதவைப் பூட்டினேன். துணி செருகினேன். அவருடைய கதிரையைச் சாமியறை வாசலில் போட்டு இருத்தினேன். கைகூப்பிக்கொண்டு இருந்தார்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 12, சனி. ஆஸ்பத்திரி

தணலை எல்லா அறைக்கும் காட்டி முடியும் முன்னே இருமல் தொடங்கியது. எண்ண முடியவில்லை. கருவியில் 81 என்று காட்டியது, பழுதாக்கும் என்று என் விரலில் போட்டுப் பார்த்தேன். 97. அம்புலன்ஸ்காரருக்குக் கதவைத் திறந்ததும் அவர்களில் ஒருவர் மூக்கைப் பொத்தினார். எங்கே எரிகிறது என்று என்னிடம் கேட்டார். வெளியே, ஏரிக்கு மேலே என்று சொன்னேன்.

மூச்சு விடுகிற இயந்திரம் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. இங்கே இருப்பவர்கள்: நான், நிரூபா.

காலையில் அவள் யன்னல் ஓரமாக நின்று, "வானம் நீலமா இருக்கு அம்மா" என்றாள். அவளுடைய தொலைபேசியில் படத்தைப் பார்த்தேன். புகை நேற்று மாலையே தெற்கே திரும்பி ஈரி ஏரிக்கு மேலால் போயிருக்கிறது. எங்கள் பக்கம் வந்ததாகப் படத்தில் இல்லை.

படம் எல்லாவற்றையும் சொல்லாது என்று ஹெலன் எழுதியிருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

காலை 7.20.

ஜூலை 18, வெள்ளி

நாற்பத்தெட்டாம் நாள். வீடு முழுக்கச் சனம். துடக்கு வீட்டில் சாமி விளக்கு ஏற்றக் கூடாது, ஏற்றவில்லை. யாரோ யன்னல் பிளாஸ்ரிக்கை எல்லாம் கிழித்து எடுத்துவிட்டார்கள். காற்று வருகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. ஐயர் சாம்பிராணித் தட்டத்தைக் கேட்டார். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றேன். தெரியும். நிரூபா என்னைப் பார்த்தாள், பிறகு கடையில் வாங்கிய ஊதுபத்தியை எடுத்து, அதையும் கொளுத்தாமலே ஐயரின் கையில் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

காரை விற்கலாம் என்று நிரூபா சொல்ல, துப்புரவாக்கப் போனேன். முன் இருக்கை இன்னும் அவருடைய அளவுக்குப் பின்னால் தள்ளியபடியே இருந்தது. கையுறைப் பெட்டிக்குள் ஒரு நாட்காட்டி அட்டை, மளிகைக் கடையில் கொடுத்தது. ஜூன் 1இலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. நாற்பது கோடு. கடைசிக் கோடு ஜூலை 10. காரில் இருக்க விடாத நாட்களையும் அடுத்த நாள் வந்து போட்டிருக்கிறார் போல. ஜூலை 18ஐச் சுற்றி ஒரு வட்டம். அதற்குப் பக்கத்தில் அவருடைய எழுத்து: யன்னல் திறக்கலாம்.

நிரூபாவிடம் காட்டினேன். அவளும் காருக்குள் ஏறி என் பக்கத்தில் இருந்தாள்.

"உனக்குச் சொன்னவரோ?"

"ஓம்."

"என்னெண்டு?"

"'அம்மா நேர்த்தியை முறிச்சுப்போட்டு, பிறகு எனக்கு என்னவும் நடந்தால் தன்னாலதான் எண்டு சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பா. நான் சமாளிப்பன்' எண்டு அப்பா சொன்னவர்."

இரண்டு பேரும் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்தக் கொப்பியை முதலிலிருந்து படித்து, ஒரு தாளில் நிரல் போட்டேன். முதல் நிரல், படத்தில் புகை நின்ற தூரம். இரண்டாவது, காலை இருமல். மூன்றாவது, மாலை இருமல். முதல் நிரலும் மூன்றாவதும் ஜூன் 6, 7, 8 தவிர வேறெங்கும் பொருந்தவில்லை. நான்காவதாக ஒரு நிரலுக்குக் கோடு போட்டேன். யன்னல் ஒட்டியிருந்த நாள், கார் நாள், ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று நிரப்ப வேண்டும். கணக்கு என்றால் ஒன்றையும் விடக் கூடாது. பென்சிலை எடுத்து வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டேன். ஒரு ஆளுக்கு. பிறகு வந்து நிரப்பினேன்.

இனி எழுதப்போவது ஹெலனுக்கு. நாளை அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மாற்றுவேன். நிரூபாவின் உதவி கேட்கப் போவதில்லை.

அன்புள்ள ஹெலன்,

நான் இராசமலர் குணரத்தினம். ஜூன் மாதம் மேகமா புகையா என்று உங்களிடம் கேட்டவள். என் கணவர் சுகமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஜூலை 14 அன்று காலமானார்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஜூலை 11, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை, ரொறன்ரோ ஸ்காபரோவில் எங்கள் தெருப் பக்கம் காட்டுப் புகை நிலத்தில், மூச்சு விடுகிற இடத்தில் இருந்ததா? படத்தில் எனக்குத் தெரியவில்லை. நிலத்தில் இருக்கிற கருவிகளின் கணக்கு உங்களிடம் இருக்கும். என் கணக்கையும் இத்துடன் அனுப்புகிறேன். நான்கு நிரல். நான்காவதுக்கு நான் தலைப்பு எழுதவில்லை, அதில் இருப்பது வெளியே இருந்து வந்தது இல்லை.

இருந்தது என்றால் இருந்தது என்று எழுதுங்கள். இல்லை என்றால், என்னை நினைத்து வார்த்தையை மாற்ற வேண்டாம், இல்லை என்றே எழுதுங்கள். சாமியறை விளக்கை ஒரு மாதத்துக்கு மேலாக ஏற்றாமல் வைத்திருக்கிறேன். எந்தப் பதிலை வைத்துக்கொண்டு அந்த விளக்கின் முன்னால் போய் நிற்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.

தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.